விழுந்த கும்மட்டத்தை மீண்டும் எழுப்பியவர்

ஹங்கேரி நாட்டின் கட்டிட மேதை மிக்லோஷ் இபில்

1868-ம் ஆண்டு, ஜனவரி மாதம் 22-ந்தேதி.

ஐரோப்பாவின் நடுவே உள்ளது ஹங்கேரி நாடு. அங்கே டான்யூப் நதிக்கரையில் பெஸ்ட் நகரம் இருக்கிறது. அந்த நகரில் ஒரு பெரிய கிறிஸ்தவ தேவாலயம் கட்டிக்கொண்டு இருந்தார்கள். வேலை தொடங்கிப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தேவாலயத்தின் உச்சியில், கவிழ்த்து வைத்த கிண்ணத்தைப் போல, ஒரு கும்மட்டம் எழும்பிக்கொண்டு இருந்தது.

அன்று அந்தக் கும்மட்டம் சரிந்து விழுந்தது!

அத்தனை ஆண்டுக் காலத்து உழைப்பு ஒரே நாளில் கல்மேடு ஆகிவிட்டது.

ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. காரணம், விபத்துக்கு முன்பே சுவரில் விரிசல் கண்டிருந்தது. ஆபத்தை உணர்ந்து, யாரும் அந்தப் பக்கம் போகாதபடி தடுத்துவிட்டார்கள். அதனால் கட்டிடம் மட்டுமே விழுந்தது.

அப்பொழுது அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் மிக்லோஷ் இபில் என்ற கட்டிட நிபுணர். வயது 53. அவர் அந்தத் தேவாலயத்தைத் தொடங்கியவர் அல்ல. அதன் வரைபடத்தைப் போட்டவரும் அல்ல. தொடங்கியவர் இறந்துவிட்டதால், பாதியில் பொறுப்பு ஏற்றவர். ஏற்று ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குள் தலைக்கு மேல் இருந்த கும்மட்டமே விழுந்துவிட்டது.

இன்னொருவராக இருந்தால், "இது நான் கட்டியது அல்ல" என்று சொல்லிவிட்டு விலகியிருப்பார். இபில் விலகவில்லை. தம்முடைய ஆயுளின் மீதி நாட்களை அந்தத் தேவாலயத்துக்குக் கொடுத்தார்.

யார் இந்த இபில்? அவருடைய வரலாறு சுவையானது.

பதினோரு வயதில் படிக்கப் போனார்

மிக்லோஷ் இபில் பிறந்தது 1814-ம் ஆண்டு, ஏப்ரல் 6-ந்தேதி. ஊர், செகெஷ்பெஹெர்வார். வாயில் நுழையாத பெயராக இருந்தாலும், பழம்பெருமை உள்ள ஊர். முற்காலத்தில் ஹங்கேரி மன்னர்களுக்கு அங்கேதான் முடி சூட்டுவார்கள்.

பதினோரு வயதிலேயே வியன்னா நகருக்குப் படிக்கப் போனார். படிப்பு முடிந்ததும் பெஸ்ட் நகருக்கு வந்து, மிகாய் பொல்லாக் என்ற புகழ்பெற்ற கட்டிட நிபுணரிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஹங்கேரியின் தேசியக் காட்சிசாலையைக் கட்டியவர் இந்தப் பொல்லாக்தான். பெரிய தூண்கள், நேரான கோடுகள், அடக்கமான அழகு. பழைய கிரேக்கரும் ரோமானியரும் கட்டியதைப்போலக் கட்டுவதே அக்காலத்து நாகரிகம். இபில் முதலில் கற்றது அதைத்தான்.

பிறகு மறுபடி வியன்னா; அங்கிருந்து ஜெர்மனியில் உள்ள மியூனிக்; பின்பு இத்தாலி. எங்கே நல்ல கட்டிடம் இருக்கிறதோ, அங்கே போய்ப் பார்த்தார். ஊர் திரும்பியதும், தம் குருநாதரின் மகன் ஆகோஷ்டன் பொல்லாக்குடன் கூட்டுச் சேர்ந்து தொழில் தொடங்கினார்.

புதிய அலை

அந்தக் காலத்தில் ஐரோப்பா எங்கும் ஒரு புதிய அலை வீசியது. கவிஞர்களும் ஓவியர்களும் சங்கீத வித்வான்களும், "கிரேக்க, ரோமானியப் பெருமை போதும். நம்முடைய நாட்டுப் பழங்கதை என்ன? நம் முன்னோர் பாட்டு என்ன?" என்று தேடத் தொடங்கினார்கள். இதை ரொமாண்டிக் காலம் என்பார்கள்.

கட்டிடக் கலையிலும் அந்த அலை அடித்தது. நேரான தூண்களுக்குப் பதிலாக, நூற்றாண்டுகளுக்கு முந்திய தேவாலயங்களில் இருந்த அரைவட்ட வளைவுகள் திரும்பி வந்தன. கீழ்நாட்டுப் பாணியில் பூவேலைகள் வந்தன. பார்ப்பவர் மனதில் பழங்கதை கேட்பதுபோன்ற உணர்ச்சி எழவேண்டும் என்று கட்டினார்கள்.

இபில் அந்தப் பாணியில் கட்டிய முக்கியமான கட்டிடம், பெஸ்ட் நகருக்கு அருகே போட் என்ற ஊரில் இருக்கிறது. இஷ்ட்வான் காரோயி என்ற பிரபு, தம் ஊரில் ஒரு தேவாலயம் கட்ட விரும்பினார். இபிலை அழைத்தார். 1845-ம் ஆண்டு வேலை தொடங்கியது. நான்கு கோபுரங்கள், அரைவட்ட வளைவுகள், உள்ளே வண்ணச் சித்திரங்கள், அடியிலே பிரபுவின் குடும்பத்தாருக்குக் கல்லறை அறை என்று எல்லாவற்றையும் இபிலே திட்டமிட்டார்.

ஆனால் அது முடிவதற்குள் நாட்டில் பெரும் புயல் அடித்தது.

புரட்சியும் சிறையும்

அந்த நாளில் ஹங்கேரி, ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. 1848-ம் ஆண்டு ஹங்கேரி மக்கள் உரிமை கேட்டு எழுந்தார்கள். நாட்டுக்கு என்று தனி மந்திரி சபை அமைந்தது. முதல் பிரதம மந்திரி லாயோஷ் பட்யானி பிரபு. இந்தப் பட்யானியின் மாளிகையைப் புதுப்பித்துக் கொடுத்தவர்களும் இபிலும் அவருடைய கூட்டாளியும்தான்.

அடுத்த ஆண்டே புரட்சி ஒடுக்கப்பட்டது. 1849-ம் ஆண்டு அக்டோபர் 6-ந்தேதி பட்யானி சுட்டுக் கொல்லப்பட்டார். புரட்சிக்குப் படை திரட்டிக் கொடுத்த காரோயி பிரபுவைச் சிறையில் போட்டார்கள். ஒருவருக்கு மரணம், இன்னொருவருக்குச் சிறை. இபிலுக்கு வேலை கொடுத்து ஆதரித்தவர்களின் கதி இப்படி ஆயிற்று.

போட் தேவாலயத்தின் வேலை தடைப்பட்டது. ஆனாலும் கைவிடப்படவில்லை. பிரபு விடுதலை ஆனார். வேலை மறுபடி நடந்தது. 1855-ம் ஆண்டு தேவாலயம் முடிந்தது. இன்றும் அந்த ஊரில் அது நிற்கிறது.

நின்றுபோன வேலையை மறுபடி தொடங்குவது இபிலுக்கு அப்பொழுதே பழக்கம் ஆகிவிட்டது என்று சொல்லவேண்டும்.

புரட்சிக்குப் பின் பல ஆண்டுகள் ஹங்கேரிக்குச் சட்டசபை இல்லாத காலம் நீடித்தது. 1865-ம் ஆண்டு சபையைக் கூட்டச் சக்கரவர்த்தி இசைந்தார். ஆனால் பிரதிநிதிகள் உட்காரப் பெஸ்ட் நகரில் தகுந்த மண்டபம் இல்லை! உடனே இபிலைக் கூப்பிட்டார்கள். சில மாதங்களிலேயே மண்டபத்தைக் கட்டி முடித்துக் கொடுத்தார். அவருடைய பெயர் நாடு முழுவதும் பரவியது.

பாரம் எங்கே போகிறது?

இனி அந்தத் தேவாலயத்துக்கு வருவோம்.

ஹங்கேரியின் முதல் மன்னர் இஷ்ட்வான். இங்கிலீஷில் ஸ்டீபன் என்பார்கள். அவர் பெயரால் இன்று விளங்கும் இந்தத் தேவாலயத்தை 1851-ம் ஆண்டு தொடங்கியவர் யோசெப் ஹில்டு. சாமானியர் அல்ல. ஹங்கேரியில் வேறு பெரிய தேவாலயங்களைக் கட்டிப் பெயர் எடுத்தவர். எஸ்டெர்கோம் நகரின் மாபெரும் தேவாலயத்தை முடித்துக் கொடுத்தவர். 1867-ம் ஆண்டு அவர் காலமானார். பொறுப்பு இபிலிடம் வந்தது.

கும்மட்டம் கட்டுவது எளிதான காரியம் அல்ல. சுவரின் பாரம் நேரே கீழே இறங்கும். கும்மட்டத்தின் பாரம் அப்படி அல்ல. அது கீழேயும் அழுத்தும், வெளிப்புறமாகவும் தள்ளும். குடையை விரித்து, அதன் மேல் கனத்தை வைத்தால், கம்பிகள் வெளியே விரியப் பார்க்கும் அல்லவா? அதைப்போலத்தான். அந்தப் பாரம் முழுவதையும் வளைவுகள் வாங்கி, நான்கு பெரிய தூண்களிடம் கொடுக்கின்றன. தூண்கள் அஸ்திவாரத்திடம் கொடுக்கின்றன. இந்த வரிசையில் ஏதாவது ஒன்று பலவீனமாக இருந்தால், மேலே உள்ளது நிற்காது.

பெஸ்ட் தேவாலயத்தில் நடந்தது அதுதான். கட்டிய பொருள் தரமாக இல்லை. கட்டுமானத்திலும் குறை இருந்தது. மேலே ஏறிய பாரத்தைக் கீழே இருந்தவை தாங்கவில்லை. முதலில் விரிசல் விட்டது, பிறகு விழுந்தது.

விழுந்ததை மட்டும் திருப்பிக் கட்டுவதா? அல்லது எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பதா? இபிலின் முன் நின்ற கேள்வி இதுதான்.

ஒட்டுப்போட்டு முடித்திருந்தால், செலவும் குறைந்திருக்கும். ஊரார் பேச்சும் சீக்கிரம் அடங்கியிருக்கும். அவர் அதற்கு உடன்படவில்லை. பழுதுபட்ட பகுதிகளை இடித்துத் தள்ளவேண்டும் என்றார். பதினாறு ஆண்டு வேலையில் எஞ்சி நின்றதும் இடிக்கப்பட்டது. எழும்பிய கட்டிடத்தைப் பார்த்துப் பழகிய ஊரார், அது ஒவ்வொரு கல்லாகக் குறைவதைப் பார்த்தார்கள்.

பிறகு புதிய வரைபடம் தயாரித்தார். ஹில்டின் திட்டம் கிரேக்க, ரோமானியப் பாணியில் இருந்தது. இபிலோ, இத்தாலிய நகரங்களில் தாம் கண்ட மறுமலர்ச்சிக் காலப் பாணியில் புதிதாக வரைந்தார். இளமையில் ரொமாண்டிக் பாணியில் கட்டியவர், முதிர்ந்த வயதில் இந்தப் பாணிக்கு வந்து சேர்ந்தார்.

வேலை மறுபடி தொடங்கியது 1875-ம் ஆண்டு. கும்மட்டம் விழுந்து ஏழு ஆண்டுகள் கழிந்த பிறகு!

தீயை வென்ற அரங்கு

இதற்கு இடையில் நாடு மாறிவிட்டது. 1867-ம் ஆண்டு சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப், ஹங்கேரியின் மன்னராகவும் முடி சூட்டிக்கொண்டார். உள்நாட்டு நிர்வாகம் ஹங்கேரியரிடம் வந்தது. 1873-ம் ஆண்டு, நதியின் ஒரு கரையில் இருந்த பெஸ்டும், மறுகரையில் இருந்த புடாவும், பழைய புடாவும் ஒன்றாகச் சேர்ந்து "புடாபெஸ்ட்" ஆயின. புதிய தலைநகருக்குப் புதிய கட்டிடங்கள் தேவைப்பட்டன.

அந்த 1873-ம் ஆண்டிலேயே, இசை நாடகத்துக்கு ஓர் அரங்கு கட்டுவதற்காக ஆறு நிபுணர்களை அழைத்துப் போட்டி வைத்தார்கள். வென்றவர் இபில். ஆக, ஒரே சமயத்தில் அவர் கையில் இரண்டு பெரிய வேலைகள். ஒன்று தேவாலயம், இன்னொன்று நாடக அரங்கு.

அரங்கு வேலை நடந்துகொண்டு இருக்கும்போது, 1881-ம் ஆண்டு டிசம்பர் 8-ந்தேதி வியன்னாவில் ஒரு கோரம் நடந்தது. அங்கே ஒரு நாடக அரங்கில் தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கான பேர் மாண்டார்கள். ஐரோப்பாவே கதிகலங்கியது.

பெரிய கும்மட்டம் விழுந்ததைக் கண்டவருக்கு, ஆபத்து என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தரவேண்டியது இல்லை. புடாபெஸ்ட் அரங்கில் தீயைத் தடுக்கும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. மேடைக்கும் சபைக்கும் நடுவே இரும்புத் திரை வந்தது. மேடையைத் தூக்கவும் இறக்கவும், எளிதில் தீப்பற்றும் மரச் சாதனங்களுக்குப் பதிலாக, தண்ணீரின் அழுத்தத்தால் இயங்கும் இரும்பு யந்திரங்கள் பொருத்தப்பட்டன. இந்த ஏற்பாட்டின் பெயர் "அஸ்பாலியா". கிரேக்க மொழியில் அதற்குப் "பாதுகாப்பு" என்று பொருள். இந்த முறையில் மேடை அமைந்த முதல் அரங்கு இபிலுடையதுதான்!

1884-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந்தேதி, மன்னர் முன்னிலையில் அரங்கு திறக்கப்பட்டது. அப்பொழுது இபிலுக்கு எழுபது வயது. வாசலின் இரு பக்கத்திலும் இரண்டு சிலைகள். ஒன்று உலகப் புகழ் பெற்ற பியானோ மேதை லிஸ்ட். மற்றொன்று ஹங்கேரியின் தேசிய கீதத்துக்கு இசை அமைத்த எர்க்கல். உள்ளே குதிரை லாட வடிவில் சபை. தலைக்கு மேலே கிரேக்கத் தேவர்கள் கூடி இருக்கும் ஓவியம். அதை வரைந்தவர் காரோய் லோட்ஸ். நடுவே சுமார் 3 டன் எடை உள்ள வெண்கல விளக்குக் கொத்து தொங்குகிறது.

இந்த அரங்கைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். "வியன்னா அரங்கைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது" என்று மன்னர் நிபந்தனை போட்டிருந்தாராம். திறந்து பார்த்தபோது, "அழகாகவும் இருக்கக்கூடாது என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே!" என்றாராம். நடந்ததோ இல்லையோ, ஹங்கேரி மக்கள் பெருமையோடு சொல்லும் கதை இது.

கோபுரமா, புகைபோக்கியா?

பெரிய கட்டிடங்களில் மட்டும் அல்ல, சின்ன வேலைகளிலும் இபில் கண்ணும் கருத்துமாக இருந்தார்.

புடா அரண்மனைக்கு நதியில் இருந்து தண்ணீர் ஏற்ற ஒரு யந்திர நிலையம் வேண்டியிருந்தது. நீராவி யந்திரம் என்றால் புகைபோக்கி வேண்டும். அரண்மனையின் வாசலிலே கரி பிடித்த புகைபோக்கி நின்றால் பார்க்க நன்றாக இருக்குமா? இபில் என்ன செய்தார் தெரியுமா? புகைபோக்கியை அழகான கோபுரமாகக் கட்டிவிட்டார்! யந்திர நிலையம் ஓர் உல்லாச மண்டபம்போலத் தோன்றியது. பிற்காலத்தில் அது உண்மையிலேயே உணவு விடுதி ஆகிவிட்டது.

அதற்கு எதிரே, மலைச் சரிவில், படிக்கட்டுகளும் வளைவு மண்டபங்களும் கடைகளுமாக ஒரு பூங்கா வாசலை அமைத்தார். மறுகரையில் சுங்கச் சாலையைக் கட்டினார். படகில் வரும் சரக்கு, தெருவில் போவோருக்கு இடைஞ்சல் இல்லாமல் வந்து சேர, நதிக்கரையில் இருந்து கட்டிடத்துக்குச் சுரங்க வழி வைத்தார். இன்று அந்தச் சுங்கச் சாலை ஒரு பல்கலைக்கழகம்.

அதே தேதி!

வயது ஏறியது. வேலை குறையவில்லை. தேவாலயத்தோடு, புடா அரண்மனையை விரிவுபடுத்தும் வேலையும் அவரிடம் வந்து சேர்ந்தது.

1891-ம் ஆண்டு மிக்லோஷ் இபில் காலமானார். வயது 76. அவர் இறந்த தேதி ஜனவரி 22.

ஆம், கும்மட்டம் விழுந்த அதே தேதி! இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அதே நாளில் அவர் கண்ணை மூடினார்.

தேவாலயம் முடிந்ததை அவர் பார்க்கவில்லை. அரண்மனை வேலையும் அப்படியே நின்றது. அரண்மனையை அலாயோஷ் ஹவுஸ்மன் என்பவர் ஏற்றுக்கொண்டார். தேவாலயத்தை யோசெப் கவுசர் ஏற்றுக்கொண்டார். ஹில்டு தொடங்கியதை இபில் வாங்கிக்கொண்டதுபோல, இபில் விட்டுச்சென்றதைக் கவுசர் வாங்கிக்கொண்டார். வித்தியாசம் ஒன்றுதான். இபிலுக்குக் கிடைத்தது விரிசல் விட்ட கட்டிடம். கவுசருக்குக் கிடைத்தது உறுதியான கட்டிடம். எதையும் இடிக்கவேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை.

1905-ம் ஆண்டு தேவாலயம் அர்ச்சிக்கப்பட்டது. தொடங்கி ஐம்பத்து நான்கு ஆண்டுகள். மூன்று நிபுணர்களின் உழைப்பு! மறு ஆண்டு விழாவுக்கு மன்னர் பிரான்ஸ் ஜோசப் வந்தார். அப்பொழுது அவர் அடிக்கடி அண்ணாந்து கும்மட்டத்தைக் கவலையோடு பார்த்துக்கொண்டே இருந்தார் என்று சொல்வார்கள். பழைய விபத்தை யாரும் மறக்கவில்லை போலும்!

மன்னரின் கவலை வீணானது. கும்மட்டம் அசையவில்லை.

போரும் தாங்கியது

இரண்டாவது உலகப் போரில், 1944-45-ம் ஆண்டுகளில், புடாபெஸ்ட் நகரம் முற்றுகைக்கு ஆளாயிற்று. தேவாலயத்தின் கூரையும் கோபுரங்களும் சேதம் அடைந்தன. 1947-ம் ஆண்டு கும்மட்டத்தின் வெளிக்கூரையில் தீப்பிடித்தது. ஆனாலும் இபில் எழுப்பிய கட்டிடம் நிலைத்து நின்றது. பின்னர் பழுது பார்த்துப் புதுப்பித்தார்கள்.

மலைச் சரிவில் அவர் கட்டிய பூங்கா வாசலும் போரில் சிதைந்து, பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. 1961-ம் ஆண்டு முதல் சில காலம், இளைஞர்கள் பாட்டுக் கேட்கவும் ஆடவும் கூடும் இடமாக இருந்தது. பிறகு அதுவும் மூடப்பட்டது. கடைசியில் 2014-ம் ஆண்டு, இபில் பிறந்த 200-வது ஆண்டில், அது புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டது. இசை நாடக அரங்கும் நீண்ட பழுதுபார்ப்புக்குப் பின் 2022-ம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டது.

அவர் கட்டிய பூங்கா வாசலின் அருகே, நதிக்கரையில், 1896-ம் ஆண்டே இபிலுக்குச் சிலை வைத்தார்கள். சிறந்த கட்டிட நிபுணர்களுக்கு ஹங்கேரியில் வழங்கும் பரிசுக்கும் அவர் பெயர்தான். 1953-ம் ஆண்டு முதல் அது வழங்கப்படுகிறது.

அந்தத் தேவாலயத்தின் உயரம் 96 மீட்டர். ஹங்கேரியரின் முன்னோர்கள் அந்தப் பூமியில் வந்து குடியேறிய ஆண்டு 896 என்று கொள்கிறார்கள். அதை நினைவூட்டுவது இந்த 96. நகரின் புகழ்பெற்ற பாராளுமன்றக் கட்டிடத்தின் உயரமும் அதே 96 மீட்டர்தான்.

இன்று நகரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அந்தக் கும்மட்டத்தின் மேலேயே ஏறிப் போகிறார்கள். படி ஏற முடியாதவர்களுக்கு மின்சார லிப்டும் உண்டு. உச்சியில் கும்மட்டத்தைச் சுற்றி நடந்தால், டான்யூப் நதியும், அக்கரையில் மலையும், மலைமேல் அரண்மனையும் தெரியும். ஒரு காலத்தில் யாரும் அருகே வராதபடி தடுக்கப்பட்டிருந்த இடம் அது. இப்பொழுது பிள்ளைகுட்டிகளோடு குடும்பம் குடும்பமாக அங்கே நின்று, நகரத்தை வேடிக்கை பார்க்கிறார்கள்.